வாய் காட்டும் வரிசை

வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான் சவரிமுத்து. டெப்போ ஓய்வறையின் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில், இத்தனை பேர் பார்க்க, தலையை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு, மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குகிறவனைப் போல. எனக்கும் அவனுக்கும் நடுவே இன்னும் சிலர் நிற்கிறார்கள், இருந்தாலும் தெரிகிறது அந்த வாய். பாக்கும் புகையிலையும் ஊறி ஊறிச் செங்கல் நிறமாகிப்போன பற்கள், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கறுப்பு, உதட்டோரத்தில் காய்ந்துபோன சிவப்புக் கோடு. நத்தம் பஸ்ஸில் கண்டக்டர் அவன். நான் செக்கிங் இன்ஸ்பெக்டர், நடுவழியில் கைகாட்டி ஏறினால் படிக்கட்டிலேயே அந்த நாற்றம் வரவேற்கும், வாங்க சார் என்று அவன் சொல்வதற்கு முன்னால் அவன் வாய் சொல்லிவிடும். டிக்கெட் கிழிக்கிற காலத்தில் கட்டைவிரலை நாக்கில் ஒற்றி ஒற்றிக் கிழிப்பான், மிஷின் வந்தபிறகு அது போயிற்று, ரூபாய் நோட்டுக்கு மட்டும் இன்னமும் நாக்குதான். கணக்குப் பார்க்கும்போது அந்த நோட்டு என் கைக்கு வரும், நான் அதை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து வாங்குவேன், அவன் சிரிப்பான். இப்போது வாய்ச் சோதனைக்கு வந்திருக்கிற ஒரு சின்னப் பெண், டாக்டராம், பேனா மாதிரி ஒரு குழலை அந்த வாய்க்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர், அதில் அவன் வாய் இன்னும் பெரிதாக. பார்க்காதே. பார்க்கிறேன். திரையில் அது வாயாகவே இல்லை, நீலமும் பச்சையும் மஞ்சளுமாக, மழைக்காலத்து மேப் மாதிரி, ஆனாலும் ஈரம் தெரிகிறது, ஈரம்தான் குமட்டுகிறது. அந்தக் குழலைத்தான் என் வாய்க்குள்ளும் விடப் போகிறாள். உறை மாற்றுகிறார்கள், பார்த்தேன், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறையை உருவிக் கீழே சிவப்பு வாளியில் போடுகிறார்கள், வாளி பாதி நிறைந்துவிட்டது, எச்சில் பூசிய உறைகள், பாம்புச் சட்டை போல, ஒன்றன்மேல் ஒன்று. உறை மாற்றினால் ஆயிற்றா? உறைக்குள் இருப்பது அதே குழல்தானே. நாக்கு போகிறது. போகாதே என்றால்தான் போகும். இடது பக்கம், கடைசிக்கு முந்தின கடவாய்ப்பல், கடலைமிட்டாயில் உடைந்து கூராக நிற்கிற முனை, அதற்கு எதிரே நாக்கின் ஓரத்தில் அந்த இடம். தொட்டுப் பார்க்கிறது. இருக்கிறது. நேற்றுப் போலவே இருக்கிறது. இல்லை, நேற்றைவிட விளிம்பு கொஞ்சம் தடித்திருக்கிறதோ. திரும்ப ஒரு தரம். பல் முனையில் சிக்கி, எரிந்து, திரும்பி வருகிறது. சூடு. வெறும் உடம்புச் சூடு.

சூடுதான். வெயிலில் அலைகிற வேலை, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கிடையாது, புண் வராமல் என்ன வரும். மணத்தக்காளிக் கீரை தின்றேன். நெய் தடவினேன். மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் வாங்கினேன், அந்த மாத்திரையின் நாற்றம், ஒன்றுக்குப் போனால்கூட அதே நாற்றம், சீ. ஆடியில் வந்தது. தை பிறந்துவிட்டது. சூட்டுப் புண் ஆடியில் வந்து தைவரை இருக்குமா? இருக்கும். பல் குத்திக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும், பல்லைப் பிடுங்கினால் சரியாகிவிடும், பல்லைப் பிடுங்க டாக்டரிடம் போனால் வாயைத் திறக்கச் சொல்வார், எத்தனை பேர் வாயில் விட்ட இடுக்கியோ அது, எத்தனை பேர் கொப்பளித்துத் துப்பிய பீங்கான் தொட்டியோ அது. அதனால்தான் போகவில்லை. அதனால் மட்டும்தான். எனக்கு அடுத்தவர் எச்சில் ஆகாது, சின்ன வயசிலிருந்தே ஆகாது. பையில் என் டம்ளர் இருக்கிறது, டீக்கடையில் அதில்தான் ஊற்றச் சொல்வேன், வெங்கிடுசாமி இன்ஸ்பெக்டர் டம்ளர் என்றால் இந்த ஊர் பஸ்ஸ்டாண்டில் எல்லாக் கடைக்காரனுக்கும் தெரியும். கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியில் உட்கார மாட்டேன், துடைத்த மேசையில் அந்த ஈரத்துணியின் கோடு தெரியும். ஜன்னலோரம் உட்கார மாட்டேன், முன்சீட்டுக்காரன் துப்பினால் காற்றில் திரும்பிப் பொடிப்பொடியாக முகத்தில் வந்து படியும், அது மழைத்தூறல் என்று நினைத்துக்கொண்டு துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரெங்கநாயகி கல்யாணமான புதிதில் உப்புப் பார்க்கிறேன் என்று கரண்டியை நாக்கில் வைத்துவிட்டு அதே கரண்டியைக் குழம்பில் விட்டாள், நான் இலையை விட்டு எழுந்துவிட்டேன், அன்றிலிருந்து அவள் உப்புப் பார்ப்பதே இல்லை, அதனால் எங்கள் வீட்டுக் குழம்பில் ஒருநாள் உப்பு கூடும், ஒருநாள் குறையும், நான் ஒன்றும் சொல்வதில்லை. சுத்தம்தான் முக்கியம். வெற்றிலை போட்டதில்லை, பீடி சிகரெட் கிடையாது, பாக்குப் பொட்டலத்தைக் கையால் தொட்டதில்லை, காலையும் ராத்திரியும் பல் விளக்குகிறவன். இந்த வரிசையே எனக்கானது இல்லை. இது சவரிமுத்து வகையறாவுக்கான வரிசை. பிராஞ்ச் மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன், “எனக்கு எந்தப் பழக்கமும் இல்லையே சார், நான் எதுக்கு?” “ஒருத்தரும் பாக்கி இருக்கக் கூடாதுன்னு உத்தரவு. வாயத் தொறக்கிறதுல உங்களுக்கு என்ன நட்டம்?” என்றார். வாயைத் திறப்பதில் என்ன நட்டமாம். அவருக்கு என்ன, முதல் ஆளாகக் காட்டிவிட்டு, திரையில் முழுக்கப் பச்சை வந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு சமோசா தின்கிறார், வாய் ஓரத்தில் உருளைக்கிழங்கு ஒட்டியிருக்கிறது, அது ஒவ்வொரு சொல்லுக்கும் அசைகிறது. நாக்கு போகிறது. வா, திரும்பி வா.

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. என் பின்னால் நிற்கிறவன் மூச்சு என் கழுத்தில் படுகிறது, பூண்டு. போய்விடலாமா. வத்தலக்குண்டு பஸ் கிளம்பப் போகிறது, அதில் செக்கிங் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டால் யார் கேட்பது. கால் நகரவில்லை. வாசலில் மேனேஜர் நிற்கிறார் என்பதாலா. இல்லை. மாடக்கண்ணுவின் நினைவு ஏன் இப்போது. டிரைவராக இருந்தவன், கம்பம் லைனில் ஓட்டினான், நல்ல ஆள், தாடை வீங்கி ஒரு பக்கத்துத் தாடையையே எடுத்துவிட்டார்கள் என்றார்கள். பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் போட வந்தான். முகத்தைச் சுற்றித் துண்டு. துண்டு நனைந்திருந்தது, வழிந்துகொண்டே இருக்கிறது போல, அவன் பொண்டாட்டி இன்னொரு துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தாள், எடுத்த துண்டை மடித்து மஞ்சள் பையில் வைத்தாள், அந்தப் பை. அந்த நாற்றம். ஊதுபத்தி வாங்கிவரச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பினார். மாடக்கண்ணு என்னைப் பார்த்துக் கையெடுத்தான், பேச முடியாது, கண்ணால் சிரித்தான். நான் பதிலுக்குக் கையெடுத்தேன், மூச்சை அடக்கிக்கொண்டே எடுத்தேன். அதற்கப்புறம் அவன் எத்தனை நாள் இருந்தானோ. அவன் புகையிலை. அவன் இரண்டு தலைமுறைப் புகையிலை. எனக்கும் அவனுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் முதலில் எப்படி இருந்திருக்கும் அவனுக்கு? ஒரு சின்ன இடம். நாக்கு போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற ஒரு சின்ன இடம். அவனும் சூடு என்றுதானே நினைத்திருப்பான். நெய் தடவியிருப்பான். சீ, நிறுத்து. எச்சில் ஊறுகிறது வாயில், அவனை நினைத்தாலே ஊறுகிறது, விழுங்க வேண்டியிருக்கிறது, என் எச்சிலை நானே விழுங்குவதில்கூட இப்போதெல்லாம் ஒரு ருசி, தகரத்தை நக்கினாற்போல. அது எப்போதிருந்து? கேட்காதே.

அந்தப் பெண் ஏதோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், டாக்டர் பர்வீன் என்று சட்டையில் எழுதியிருக்கிறது. நாற்காலியில் இருக்கிறவன், “இதென்னம்மா, எக்ஸ்ரேயா?” என்று கேட்கிறான். “இல்லண்ணே. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். டிவி ரிமோட்ல வருதுல்ல, அந்த வகை. தோலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் போகும். அங்க ரத்தக்குழாய் தாறுமாறா முளைச்சிருந்தா மேல ஒண்ணும் தெரியாட்டியும் இதுல தெரியும்.” “அதக் கம்ப்யூட்டரு எப்படிக் கண்டுபிடிக்கும்?” “பல ஆயிரம் வாயோட படத்தக் காட்டிப் பழக்கியிருக்கோம். இது நல்ல வாய், இது நோய் வந்த வாய்னு. அதுவாப் பாத்துப் பாத்துப் படிச்சுக்கிடுச்சு.” பல ஆயிரம் வாய். நல்லவேளை, நான் இன்னும் சாப்பிடவில்லை. அந்தத் தட்டையான கறுப்புப் பெட்டிக்குள் பல ஆயிரம் வாய்கள் திறந்தபடி இருக்கின்றன, ஈறும் நாக்கும் சீழும் வெள்ளைத் தழும்புமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அதற்கு அருவருப்பே கிடையாது, பார்த்துப் பார்த்துப் படிக்கிறது, ஒரு தரம்கூட முகத்தைச் சுளிக்காமல். இப்போது என் வாயும் உள்ளே போய் அந்தக் கூட்டத்தில் உட்காரும். சவரிமுத்துவின் வாய்க்குப் பக்கத்தில் என் வாய். நாளைக்கு வேறொரு ஊரில் வேறொரு டெப்போவில் எவனோ ஒருவன் வாயைத் திறக்கும்போது, அது என் நாக்கை நினைத்துக்கொண்டு அவன் நாக்கைப் பார்க்கும். பஸ்ஸில் மடியில் குழந்தை வாந்தி எடுத்தால்கூட எனக்கு இவ்வளவு குமட்டியதில்லை.

“அடுத்து நீங்கதான் சார்.” நான்தான். நாற்காலி சூடாக இருக்கிறது, முன்னால் உட்கார்ந்தவனின் சூடு, கால்சட்டை வழியாக ஏறுகிறது. புது உறை, அவள் பொட்டலத்தைக் கிழித்து மாட்டுவதைப் பார்த்தேன், புதுசுதான். கையுறை புதுசு. முகமூடிக்கு மேலே அவள் கண் மட்டும், களைத்த கண், காலையிலிருந்து எத்தனை வாய் பார்த்திருக்கிறாள், இந்த வேலைக்கா படித்தாள், ராத்திரி எப்படிச் சோறு இறங்கும் இவளுக்கு. “பழக்கம் ஏதும் உண்டா சார்? வெத்தல, பாக்கு?” “எதுவும் கிடையாது.” கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும். “ரொம்ப நல்லது. வாயத் திறங்க.” திறந்தேன். “இன்னும் நல்லா.” அவள் குனிந்தாள். குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள், நிமிர்ந்து முகமூடியின் கம்பியை மூக்கின்மேல் இரண்டு விரலால் அழுத்திவிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குள் மறுபடியும் குனிந்துவிட்டாள், கண்ணில் ஒன்றும் இல்லை, படித்த பெண், காட்ட மாட்டாள். ஆனால் நான் பார்த்துவிட்டேன். அந்த அழுத்தல் எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். கைக்குட்டையை எடுக்காமல், முகத்தைத் திருப்பாமல், எதிராளிக்குத் தெரியாமல் மூக்கை மூடிக்கொள்வது எப்படி என்று ஆயுசெல்லாம் பழகியவன் நான், படிக்கட்டில் ஏறும்போதே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னய்யா சவரிமுத்து டிக்கெட்டெல்லாம் போட்டாச்சா என்று அந்த ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடுகிறவன். நாறுகிறது. என் வாய் நாறுகிறது. குழல் கன்னத்தில் ஓடுகிறது, குளிர்ச்சியாக, அண்ணத்தில், நாக்குக்கு அடியில், நான் மூச்சை அடக்குகிறேன், இப்போது அவளுக்காக அடக்குகிறேன். எவ்வளவு நாளாக? ரெங்கநாயகி கூடத்தில் போய்ப் படுக்க ஆரம்பித்தது எப்போது. ரூமுக்குள்ள ஒரே புழுக்கமா இருக்கு என்றாள். மார்கழி மாதம். ஊரே போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது, இவளுக்குப் புழுக்கம். அதை நான் யோசிக்கவே இல்லை, வயசான காலத்தில் தனியாகப் படுப்பது சுத்தம்தானே என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஏலக்காய் வைப்பாள், வயித்துக்கு நல்லது என்பாள். வயிற்றுக்கு. கடவுளே. அவள் சொல்லவில்லை. என்னிடம் எப்படிச் சொல்வாள், உன் வாய் நாறுகிறது என்று என்னிடம் எந்த வாயால் சொல்வாள், கரண்டிக்காக இலையை விட்டு எழுந்தவனிடம். அவளும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் சோறு போட்டிருக்கிறாள்.

“நாக்க இந்தப் பக்கம் தள்ளுங்க சார். இன்னும் கொஞ்சம். இது எத்தன நாளா இருக்கு?” வாயில் குழல் இருக்கும்போது எப்படிப் பதில் சொல்வது, தலையை ஆட்டினேன், தெரியாது என்று அர்த்தம் வரும்படி ஆட்டினேன். அவள் குழலை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்தாள். நகர்த்தவே இல்லை. திரையைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், அது கண்ணுக்கு நேராக இருக்கிறது. நீலமும் பச்சையுமாக ஒரு நாக்கு, அதன் ஓரத்தில் பயறளவுக்கு ஒரு சிவப்பு, அதைச் சுற்றிக் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு கட்டம் போடுகிறது, கட்டம் துடிக்கிறது, நகர்ந்து சரியாகப் பொருந்தி நிற்கிறது. கண்டுபிடித்துவிட்டது. ஆடியிலிருந்து நான் ஒருத்தருக்கும் காட்டாமல் வைத்திருந்த இடத்தை, என் நாக்கு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடத்தை, அது பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டது. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அசிங்கம்தான் வந்தது, நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தாற்போல. பின்னால் இருக்கிறவர்கள் பார்க்கிறார்கள். அப்புறம்தான் வந்தது பயம். குழலை எடுத்துவிட்டாள். “சார், பயப்படாதீங்க. இந்த மிஷின் முடிவு சொல்லாது. இங்க பாருங்கன்னு கை மட்டும்தான் காட்டும். ஒரு துளி சதை எடுத்துப் பாத்தாத்தான் எதையும் சொல்ல முடியும்.” “எனக்குப் பழக்கம் எதுவும் கிடையாதும்மா.” “நீங்க சொன்னீங்க சார். ஆனா பாருங்க, அந்தப் பல்லு கூரா உடைஞ்சு நாக்க அறுத்துக்கிட்டே இருக்கு. மாசக்கணக்கா ஒரே இடத்துல புண் இருந்தா, வெத்தல போடாதவங்களுக்கும் மாறலாம். பல்லு உடைஞ்சப்பவே காட்டியிருந்தா ராவி விட்டிருப்பாங்க, சின்ன வேல.” “காட்டல.” “ஏன் சார்?” ஏன். இடுக்கி. பீங்கான் தொட்டி. அடுத்தவர் எச்சில். இதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது, காலையிலிருந்து எங்கள் எச்சிலிலேயே கையை விட்டுக்கொண்டிருக்கிறவளிடம். “நேரம் இல்ல” என்றேன். “சின்னதாத்தான் இருக்கு சார். இந்த அளவுல கைக்குக் கிடைக்கிறதே பெரிய விஷயம். நாளைக்குக் காலைல எங்க பல் ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. தள்ளிப் போடாதீங்க. வீட்ல யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க.” தலையாட்டினேன். எழுந்தேன். பூண்டு நாற்றக்காரன் எனக்கு வழி விட்டான், ரொம்பவே விலகி வழி விட்டான், அல்லது எனக்கு அப்படித் தோன்றிற்று. மேனேஜர், “என்ன இன்ஸ்பெக்டர், பச்சதானே?” என்றார் வாசலில். நான் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே வந்தேன், இனிமேல் ஒருத்தர் முன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது.

வெளியே வெயில். டீசல் வாடை, சுவரோரம் முழுக்க வெற்றிலைச் சிவப்பு, புதுசும் பழசுமாக, ஈக்கள். எப்போதும் அதைப் பார்க்காமல் கடப்பேன், இன்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். எத்தனை பேர் துப்பியது, இதில் எவனுக்கு ஒன்றும் இல்லாமல் போகும், எவனுக்கு வரும், துப்பாத எனக்கு ஏன். குமட்டுகிறது. இது சுவரைப் பார்த்து வருகிற குமட்டல் இல்லை, உள்ளே இருந்து வருகிறது, இதை விட்டு எழுந்து போக முடியாது, இதற்கு வேறு டம்ளர் கிடையாது, என் வாயைத்தான் நான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வேப்பமரத்துக் கல் பெஞ்சில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். “சார், உங்களையும் நாளைக்கு வரச் சொன்னாங்களாமே? உள்ள பயலுக பேசிக்கிட்டானுவ.” அதற்குள் பேசிக்கொண்டார்கள். எனக்குக் காது சுட்டது. “என்னையும் வரச் சொல்லிட்டாங்க சார். கன்னத்துல வெள்ளையாப் படிஞ்சிருக்காம். நீ பாக்குப் போடுறத இன்னையோட விடு, விட்டாப் பொழச்ச, அப்படின்னுச்சு அந்தப் புள்ள. இங்கன பாருங்க.” கேட்காமலேயே கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினான். விலகத்தான் நினைத்தேன். அந்தச் சிவப்பு, அந்தக் கறுப்பு, அதற்குள் பாலாடை மாதிரி ஒரு வெள்ளை, அந்த நாற்றம் நேராக மூக்கில். பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக மூச்சை அடக்காமல் பார்த்தேன், அடக்க வலு இல்லை, அவ்வளவுதான். “வலிக்கலங்கிறதாலதான் இத்தன நாளு தெரியல சார். வீட்ல சொன்னா அவ அழுவா. நாளைக்கு ஒண்ணாப் போவமா? எனக்குத் தனியாப் போறதுக்கு ஒரு மாதிரி இருக்கு.” இவனோடு ஒரே சீட்டிலா. ரெங்கநாயகியைக் கூட்டிப் போகலாம். அவளிடம் ராத்திரி சொல்ல வேண்டும், கூடத்தில் போய் அவள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து. “வா, போவோம்” என்றேன், உதட்டைப் பாதிக்குமேல் பிரிக்காமல். “உங்களுக்கு எங்கன சார்?” “நாக்குல.” “காட்டுங்க.” சொல்லிவிட்டு என்னைவிட உயரமான அவன் குனிந்தான். சுற்றிலும் பார்த்தேன். பஸ் ஒன்று உறுமிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. நாறும்டா சவரிமுத்து என்று சொல்ல வந்தேன், சொன்னால் வாய் திறக்கும், எப்படியும் திறந்தாயிற்று, திறந்தேன். அவன் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தான், அவன் மூச்சு என் மூச்சில் மோதியது, அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், சுருங்குமா சுருங்குமா என்று. சுருங்கவில்லை. “ஆமா சார், ஓரத்துல செவந்து கெடக்கு” என்றான். அப்புறமும் முகத்தை எடுக்காமல், “வலிக்குதா சார்?” என்றான். ஆடியிலிருந்து இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நான்தான் யாரையும் கேட்க விடவில்லை. வாயைத் திறந்தபடியே, சொல் குழறி எச்சில் தாடையில் வழிய, “வலிக்குதுடா” என்றேன்.